பழுதான டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் மாட்யூலை மாற்றுவது எப்படி: சந்தேகம் முதல் சோதனை ஓட்டம் வரை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள ஒரு கார் திடீரென ஒரே கியரில் சிக்கிக்கொண்டு, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கினால், பழுது கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் என்றுதான் பெரும்பாலானோர் முதலில் அஞ்சுகிறார்கள். அடுத்த சந்தேகம் அதை ஆளும் மின்னணுப் பெட்டியின் மீது விழுகிறது. இந்தப் பெட்டியே டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் மாட்யூல். பணிமனைகளில் சுருக்கமாக டி.சி.எம். என்கிறார்கள். இதை ஒழுங்காக மாற்ற விரும்புவோருக்காக, படிப்படியாக இந்த வழிகாட்டியை எழுதியுள்ளேன். பழைய மாட்யூலைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது பெரும்பாலான கார்களில் அரை மணி நேர வேலைதான். அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளும், அதற்குப் பின் செய்ய வேண்டிய புரோகிராமிங்கும், புதிய மாட்யூலை அந்தக் கியர்பாக்ஸுக்குப் பழக்கும் அடாப்டேஷனும்தான் உண்மையான வேலை என்பதால், அவற்றுக்கே இங்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

மாட்யூல் என்ன செய்கிறது

கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் வேகம், வெளியேறும் தண்டின் வேகம், ஆயிலின் வெப்பநிலை, கியர் லீவரின் நிலை, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது, என்ஜின் எவ்வளவு முறுக்குவிசை தருகிறது ஆகிய தகவல்களை மாட்யூல் இடைவிடாமல் பெறுகிறது. எந்தக் கியர் வேண்டும், எந்தக் கிளட்சுக்கு எவ்வளவு ஆயில் அழுத்தம் தர வேண்டும் என்பதை அவற்றைக் கொண்டு தீர்மானித்து, ஆயில் பாதைகளைக் கட்டுப்படுத்தும் மின்காந்த வால்வுகளான சோலனாய்டுகளுக்கு மின்னோட்டம் அனுப்புகிறது. வந்த தகவலை நம்ப முடியாதபோதும், அனுப்பிய கட்டளை நிறைவேறாதபோதும், கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதற்காகச் சோலனாய்டுகளுக்கான மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அப்போது கார் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் மட்டும் ஓடும். இதற்கு லிம்ப் மோடு என்று பெயர்.

லிம்ப் மோடுக்குள் கார் போய்விட்டது என்பதே மாட்யூல் கெட்டுவிட்டது என்பதற்குச் சான்றாகாது. ஆயில் குறைவு, வேக சென்சார் பழுது, வயர் துண்டிப்பு, பலவீனமான பேட்டரி, துருப்பிடித்த எர்த் இணைப்பு என எதுவும் இதே அறிகுறியைத் தரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு புதிய மாட்யூலின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

முதல் படி: கோடுகளை (மாட்யூல்கள் பதிவு செய்யும் பழுதுக் குறியீடுகளை) முழுமையாகப் படித்து எழுதி வையுங்கள்

விலை குறைந்த கோடு ரீடர்கள் பல, என்ஜின் மாட்யூலில் உள்ள கோடுகளை மட்டுமே காட்டும். அவற்றில் பி0700 என்று வந்தால், கியர்பாக்ஸ் பக்கத்தில் ஏதோ ஒரு பழுது பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அது வாசல் மணி மட்டுமே. வந்தவர் யார் என்பதைக் கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே டி.சி.எம்.-க்குள்ளேயே சென்று படிக்கக்கூடிய ஸ்கேனர் அவசியம்.

பி0715 உள்நுழையும் தண்டின் வேக சென்சாரின் சுற்றையும், பி0720 வெளியேறும் தண்டின் வேக சென்சாரின் சுற்றையும், பி0705 லீவரின் நிலையைச் சொல்லும் சென்சாரின் சுற்றையும் சுட்டுகின்றன. இவை வந்தால் முதலில் அந்தச் சென்சாரையும் அதன் வயரையும் சோதிக்க வேண்டும். பி0562 என்பது மின்னழுத்தம் குறைந்ததைக் குறிப்பதால், பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பார்த்த பின்னரே மற்றவற்றை நம்பலாம். மாறாக, நினைவகப் பிழையைச் சொல்லும் பி0601, பி0604, பி0605 ஆகியவையும், கியர்பாக்ஸ் மாட்யூலின் செயலியைக் குறிக்கும் பி0613-உம் டி.சி.எம்.-இலேயே பதிவாகி, அழித்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், சந்தேகம் மாட்யூலின் பக்கம் வலுவாகச் சாய்கிறது. யு0101 என்ற கோடு, மற்ற மாட்யூல்களால் டி.சி.எம்.-உடன் பேச முடியவில்லை என்பதைத் தெரிவிக்கிறது. இறந்துபோன மாட்யூலும் இந்தக் கோடைத் தரும். எரிந்துபோன ஒரு ஃப்யூஸும் தரும்.

எந்தக் கோடையும் அழிப்பதற்கு முன், காரின் எல்லா மாட்யூல்களிலும் உள்ள கோடுகளையும், அவை பதிவான நேரத்தில் இருந்த வேகம், ஆயில் வெப்பநிலை, மின்னழுத்தம் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் அழித்துவிட்டு, பிறகு எந்தக் கோடு முதலில் வந்தது என்று தெரியாமல் தவித்த அனுபவம் எனக்கு உண்டு என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

இரண்டாவது படி: மின்சாரமும் எர்த்தும்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே இருக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு எந்த மின்னணுச் சோதனையையும் தொடங்காதீர்கள்.

அடுத்து, உங்கள் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய வயரிங் படத்தை எடுத்து, டி.சி.எம்.-க்கு மின்சாரம் வரும் பின்கள் எவை, எர்த் பின்கள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் மின்சாரம் இருக்கும் பின் ஒன்றும், இக்னிஷனைப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பின் ஒன்றும் பொதுவாக இருக்கும். இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இங்கு மல்டிமீட்டரை மட்டும் நம்புவது ஏமாற்றத்தில் முடியும். ஒரு வயருக்குள் இருக்கும் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும், மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் 12 வோல்ட் என்று காட்டிவிடும். மாட்யூல் சோலனாய்டுகளை இயக்கத் தொடங்கியதும் அந்த ஒற்றை இழை தாங்காமல் மின்னழுத்தம் சரியும். ஆகவே கனெக்டரைக் கழற்றிவிட்டு, அதன் மின்சாரப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே, பிரேக் விளக்கில் பயன்படும் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பல்பு பிரகாசமாக எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் பழுது வயரில் இருக்கிறது. பின்னின் வாயை விரித்துவிடாத மெல்லிய முனைகளையே இதற்குப் பயன்படுத்த வேண்டும். விரிந்த பின் நாளை புதியதொரு பழுதாக வந்து நிற்கும்.

பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையேயான மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், வழியில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. மாட்யூல் கெட்டுவிட்டது என்ற முடிவோடு என்னிடம் வந்த ஒரு காரில், இந்த அளவீடு 1.4 வோல்ட் காட்டியது. பாடியில் எர்த் போல்ட் அமரும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் துரு பரவியிருந்தது. அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து போல்ட்டை முறுக்கியதோடு பழுது தீர்ந்தது.

மூன்றாவது படி: மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் பாதை

ஸ்கேனரால் டி.சி.எம்.-ஐக் காணவே முடியவில்லை என்றால், கான் பஸ் எனப்படும் இரட்டை வயரைச் சோதியுங்கள். இதன் இரு முனைகளிலும் தலா 120 ஓம் மின்தடை இருப்பதால், பேட்டரியைக் கழற்றிய நிலையில் இரு வயர்களுக்கும் இடையே 60 ஓம் அளவுக்கு வர வேண்டும். ஸ்கேனரை இணைக்கும் 16 பின் சாக்கெட்டில் 6-ஆம், 14-ஆம் பின்களில் இதை அளக்கலாம். 120 ஓம் வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயர்களும் உரசி ஒன்றாகியிருக்கின்றன. பல தகவல் பாதைகளை இணைக்கும் கேட்வே மாட்யூல் உள்ள கார்களில் இந்தச் சாக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது வேறொரு கிளைப் பாதையாக இருக்கலாம். அத்தகைய கார்களில் டி.சி.எம்.-இன் கனெக்டரிலேயே அளக்க வேண்டும்.

நான்காவது படி: புதிய மாட்யூலையும் எரிக்கக்கூடியது எது

பலர் தவறவிடும் படி இது. பழைய மாட்யூல் உண்மையிலேயே இறந்திருந்தால், அதைக் கொன்றது எது என்று கேட்காமல் புதியதைப் பொருத்தக் கூடாது. உட்சுருள் ஷார்ட் ஆன ஒரு சோலனாய்டு, தன்னை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்துவிடக்கூடும். அதே சோலனாய்டு புதிய மாட்யூலுக்கும் அதையே செய்யும்.

டி.சி.எம். கனெக்டர் வழியாகவே ஒவ்வொரு சோலனாய்டின் மின்தடையையும் அளந்து, தயாரிப்பாளர் தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். திறந்து மூடும் வகைச் சோலனாய்டுகள் பெரும்பாலும் 10 முதல் 25 ஓம் வரையிலும், அழுத்தத்தைச் சீராக்கும் வகை பெரும்பாலும் 3 முதல் 6 ஓம் வரையிலும் இருக்கும். செம்புச் சுருளின் மின்தடை வெப்பத்தோடு ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: 20 டிகிரி செல்சியஸில் 5 ஓம் காட்டும் சுருள், 90 டிகிரியில் ஏறத்தாழ 6.4 ஓம் காட்டும், இது பழுதல்ல. ஆனால் சூடாகும்போது மின்தடை குறைந்தாலோ, திடீரென முடிவிலி ஆனாலோ அந்தச் சோலனாய்டு கெட்டிருக்கிறது. ஆகவே குளிர்ந்த நிலையில் ஒருமுறையும் கியர்பாக்ஸ் சூடான பிறகு ஒருமுறையும் அளப்பதே சரியான முறை.

கனெக்டரைக் கழற்றும்போது உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும் தவறாதீர்கள். மெர்சிடஸ்-பென்ஸின் 722.6 வகை ஐந்து வேக கியர்பாக்ஸில் இது நன்கு அறியப்பட்ட பழுது. கியர்பாக்ஸில் உள்ள கனெக்டரின் ரப்பர் வளையங்கள் தளர்ந்ததும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல ஆயில் வயர் இழைகளின் வழியாக ஊர்ந்து, தொலைவில் இருக்கும் மாட்யூலையே நனைத்துவிடும். அந்த நிலையில் மாட்யூலை மட்டும் மாற்றினால் புதியதும் சில மாதங்களில் ஆயிலில் குளிக்கும். கசியும் கனெக்டரை மாற்றி, வயர்களைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் அந்த வேலையின் பகுதியே.

மேற்கண்ட எல்லாம் சரியாக இருந்தும் பழுது தொடர்ந்தால், அதிலும் குறிப்பாக, மாட்யூல் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இயங்கிச் சூடானதும் தொடர்பை இழந்தால், உள்ளே சால்டரிங் விரிசலோ இணைப்பு அறுந்ததோ காரணம் என்று துணிந்து முடிவு செய்யலாம்.

ஐந்தாவது படி: சரியான மாட்யூலைத் தேர்ந்தெடுத்தல்

பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மாட்யூல்கள் ஒன்றல்ல. பழைய மாட்யூலின் லேபிளில் இருக்கும் பாக எண்ணை எழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். கடைசி ஓர் எழுத்து மாறினாலும், அது வேறு என்ஜினுக்கோ வேறு டிஃபரன்ஷியல் விகிதத்துக்கோ உரியதாக இருக்கலாம். எண் மாறியிருந்தால், தயாரிப்பாளரே பழைய எண்ணுக்கு மாற்றாக அதை அறிவித்திருக்கிறாரா என்று காரின் அடையாள எண்ணைக் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிய மாட்யூல், பழுது நீக்கி மறுவிற்பனைக்கு வந்த மாட்யூல், வேறொரு காரிலிருந்து எடுத்த பழைய மாட்யூல், உங்கள் சொந்த மாட்யூலையே பழுது நீக்கித் தருவது என நான்கு வழிகள் உண்டு. பழைய மாட்யூல் மலிவாகக் கிடைக்கும் என்றாலும், பல கார்களில் அது முந்தைய காரின் அடையாள எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒருமுறை எழுதியதை மாற்றவே முடியாது. வாங்குவதற்கு முன்பே, புரோகிராமிங் செய்யப்போகிறவரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் மாட்யூலின் நினைவகம் இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால், பழுது நீக்கித் தரும் வழியையே நான் முதலில் விசாரிப்பேன். காரின் அடையாளம், கோடிங் (அந்தக் காருக்கேற்ற அமைப்புகள்), சோலனாய்டு மதிப்புகள் எல்லாம் அதில் அப்படியே தங்குவதால், பின்னர் வரும் தலைவலிகள் பெருமளவு குறைகின்றன.

ஆறாவது படி: கழற்றுவதற்கு முன் சேமிக்க வேண்டியவை

மாட்யூல் ஸ்கேனரோடு பேசும் நிலையில் இருந்தால், அதில் உள்ள காரின் அடையாள எண், மென்பொருள் எண், கோடிங், அடாப்டேஷன் மதிப்புகள் ஆகியவற்றைக் கோப்பாகச் சேமியுங்கள். கியர்பாக்ஸின் மீதோ, அதனுள் ஆயில் பாதைகளும் வால்வுகளும் அடங்கிய வால்வ் பாடியின் மீதோ சோலனாய்டுகளுக்கான குறியீட்டு எண் ஒட்டப்பட்டிருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். சில கார்களில் அந்த எண்ணை புதிய மாட்யூலில் உள்ளிடாவிட்டால் கியர் மாற்றம் ஒருபோதும் மென்மையாகாது.

ஏழாவது படி: வெளியே பொருத்தப்பட்ட மாட்யூலை மாற்றுதல்

சமதளத்தில் காரை நிறுத்தி, லீவரை பார்க் நிலைக்குக் கொண்டுசென்று, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டைகளை வையுங்கள். இக்னிஷனை அணைத்து, சாவியைக் காரிலிருந்து சில மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, மாட்யூல்கள் உறக்க நிலைக்குப் போக அரை மணி நேரம் காத்திருங்கள். பின்னர் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அது தானாகத் திரும்பித் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். டிக்கியில் பேட்டரி இருக்கும் கார்களில், மின்சாரம் இல்லாமல் டிக்கி திறக்காமல் போகலாம் என்பதால் அதைத் திறந்தே வைத்திருப்பது நல்லது.

மாட்யூல் என்ஜின் அறையிலோ, டாஷ்போர்டுக்கு அடியிலோ, இருக்கைக்குக் கீழோ, கியர்பாக்ஸின் மேலேயோ இருக்கும். அது ஏர்பேக் வயர்களுக்கு அருகில் இருந்தால், பேட்டரியைக் கழற்றிய பின் தயாரிப்பாளர் சொல்லும் நேரம் வரை காத்திருக்காமல் எதையும் தொடக் கூடாது.

உடலில் சேரும் நிலைமின்சாரம் நம் விரலுக்குத் தெரிய வேண்டுமானால் ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. ஆனால் அதைவிட மிகக் குறைந்த அளவே நுண்சுற்றுகளைக் கெடுக்கப் போதும். ஆகவே எர்த் செய்த மணிக்கட்டுப் பட்டையை அணிந்துகொள்ளுங்கள். புதிய மாட்யூலைப் பொருத்தும் நிமிடம் வரை அதன் உறையைப் பிரிக்காதீர்கள். கனெக்டரின் பின்களை விரலால் தொடாதீர்கள்.

கனெக்டர்களில் பெரும்பாலும் ஒரு பூட்டு நாக்கும், அதை விடுவித்ததும் மடக்க வேண்டிய ஒரு நெம்பும் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறப்பது பழைய பிளாஸ்டிக்கை உடைத்துவிடும். கையால், நேர்கோட்டில் இழுங்கள். வெளியே வந்ததும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பின்னையும் பாருங்கள்: பச்சைப் படிவு, கருகல், வளைவு, ஆயில் ஈரம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் அதைச் சரிசெய்த பிறகே தொடர வேண்டும். பின்னர் போல்ட்டுகளைக் கழற்றி மாட்யூலை எடுங்கள்.

புதியதைப் பொருத்தும்போது, பழையதில் இருந்த ரப்பர் மெத்தைகளையும் வெப்பத்தைக் கடத்தும் பசைப் படலத்தையும் அதே இடத்தில் வைக்க வேண்டும். சில மாட்யூல்கள் தங்கள் உலோக உறை வழியாகவே எர்த் பெறுகின்றன. அவற்றில் போல்ட் அமரும் இடம் துருவின்றிப் பளிச்சென்று இருக்க வேண்டும். போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொல்லும் முறுக்கு அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கனெக்டரைச் செருகி, நெம்பு முழுதாக மடங்கிப் பூட்டும் ஒலியைக் கேட்ட பின்னரே பேட்டரியை இணைக்கலாம்.

கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் மாட்யூல்

வால்வ் பாடியோடு ஒட்டி ஆயிலில் மூழ்கியிருக்கும் மாட்யூலை மெகட்ரானிக் என்கிறார்கள். இசட்.எஃப். நிறுவனத்தின் 6எச்பி வகை ஆறு வேக கியர்பாக்ஸ்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கு ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, வால்வ் பாடியை இறக்க வேண்டியிருக்கிறது. இதுவரை கியர்பாக்ஸ் ஆயில்கூட மாற்றிப் பழகாதவர் இதைத் தன் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜாக்கின் மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் எவரும் படுக்கவே கூடாது. உறுதியான ஸ்டாண்டுகள் நான்கும் இருக்க வேண்டும்.

அனுபவம் உள்ளவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று தூய்மை: துணியின் ஒரு நூல்கூட வால்வை ஒட்டிப்போகச் செய்யும் என்பதால், பஞ்சு உதிராத துணியையே பயன்படுத்துங்கள். இரண்டு, வெளிக் கனெக்டர் நுழையும் உறையின் சீல்களையும் இடைச் சீல்களையும் இந்த வாய்ப்பிலேயே மாற்றிவிடுங்கள். மூன்று, வால்வ் பாடியை ஏற்றும்போது லீவரோடு இணையும் மேனுவல் வால்வ் தன் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டுகளை, சொல்லப்பட்ட வரிசையில் முறுக்குங்கள். ஆயில் மட்டத்தை என்ஜின் ஓடும் நிலையில், அந்த கியர்பாக்ஸுக்குரிய வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும். 6எச்பி வகைக்கு அது 30 முதல் 50 டிகிரி செல்சியஸ்.

எட்டாவது படி: புரோகிராமிங்

புதிய மாட்யூல் பெரும்பாலும் வெற்றுப் பலகையாகவே வரும். காரின் அடையாள எண், அந்த என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உரிய மென்பொருள், கோடிங் ஆகியவை எழுதப்பட வேண்டும். சில கார்களில், திருட்டைத் தடுக்கும் இம்மொபைலைசரோடும் இணைக்க வேண்டும். தயாரிப்பாளரின் சொந்தக் கருவியோ, லேப்டாப்பைக் காரோடு இணைக்கும், ஜே2534 தரத்துக்கு உட்பட்ட கருவியும் தயாரிப்பாளரின் மென்பொருள் சந்தாவும் சேர்ந்தோ இதற்கு உதவும். இந்த வசதி இல்லாதவர்கள், இந்த ஒரு படியை மட்டும் அனுபவமுள்ள நிபுணரிடம் விடுவதில் எந்தக் குறையும் இல்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் மாட்யூல் பயனற்றுப்போகும் அபாயம் உண்டு. 13 வோல்ட்டுக்குச் சற்று மேல் நிலையாகத் தரும் பவர் சப்ளையைப் பேட்டரியோடு இணையுங்கள். சாதாரண பேட்டரி சார்ஜரின் அலைபாயும் மின்சாரம் இதற்கு ஏற்றதல்ல. விளக்கு, ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்து, லேப்டாப்பை வயர் வழியாக இணைத்து, முடியும் வரை கதவைக்கூடத் திறக்காதீர்கள். நடுவில் நின்றுபோனால் பதறி பேட்டரியைக் கழற்றாமல், மின்சாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு கருவியிலிருந்து மீண்டும் முயலுங்கள். பல மாட்யூல்கள் இரண்டாவது முயற்சியில் எழுந்துவிடும். எழுதி முடிந்த பின் பி0614 வந்தால், என்ஜின் மாட்யூலும் டி.சி.எம்.-உம் ஒன்றுக்கொன்று பொருந்தாத மென்பொருளோடு இருக்கின்றன என்று பொருள்.

ஒன்பதாவது படி: அடாப்டேஷன்

பழைய மாட்யூல், கிளட்சுகளின் தேய்மானத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து, அதற்கேற்ப அழுத்தத்தைத் திருத்திக்கொண்டே வந்தது. புதியதற்கு அந்த அறிவு இல்லை. அதனால் முதல் சில கிலோமீட்டர்களில் கியர் மாறும்போது உதறல் இருப்பது இயல்பு.

முதலில் ஸ்கேனர் மூலம் அடாப்டேஷனைச் சுழியமாக்குங்கள். இரட்டைக் கிளட்ச் வகையில், கார் நின்ற நிலையிலேயே கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கற்பிக்கும் செயல்முறை ஸ்கேனரில் இருக்கும். அதை முதலில் முடிக்க வேண்டும். அடுத்து ஆயில், தயாரிப்பாளர் குறிப்பிடும் வெப்பநிலை வரம்புக்குள் வந்த பிறகு, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் ஆக்ஸிலரேட்டரைக் கால் பங்கு அளவுக்கு, அசையாமல் மிதித்தபடி ஒவ்வொரு கியராக ஏற விடுங்கள். பின்னர் காலை எடுத்து, பிரேக்கை மெதுவாகத் தொட்டு, கியர்கள் ஒவ்வொன்றாக இறங்கி கார் நிற்கும் வரை விடுங்கள். இந்தச் சுற்றைப் பத்து முறையாவது செய்ய வேண்டும். மிதியின் அளவு அடிக்கடி மாறினால் மாட்யூலால் எதையும் கற்க முடியாது என்பதால், இங்கு வேகத்தைவிடப் பொறுமையே தேவை.

பத்தாவது படி: மறுசோதனை

ஓட்டம் முடிந்ததும் எல்லா மாட்யூல்களையும் மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றியதால் வந்த சில தொடர்புக் கோடுகள் பழையவையாகக் கிடக்கலாம். அவற்றை அழித்துவிட்டு, நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். கனெக்டரைச் சுற்றி ஆயில் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். மாற்றுவதற்கு முன்பு இருந்த அதே கோடு, அதே வெப்பநிலையில் திரும்பி வந்தால், இரண்டாவதாக ஒரு மாட்யூலை வாங்காமல், முதலில் எழுதி வைத்த தாளை எடுத்துக்கொண்டு வயர்களிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். அதுவரை பழைய மாட்யூலை விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுக்காமல் உறையிலிட்டுப் பத்திரமாக வைத்திருங்கள். அதனுள் இருக்கும் தகவல் மீண்டும் தேவைப்படலாம்.